மூன்றாவது மொந்தை

கேளுங்கள். சின்னவர்கள் முன்னால் வாருங்கள், பெரியவர்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுங்கள். இது கடல் இன்னும் சற்று உள்ளே வந்து நின்ற காலத்தில், உப்பு விளையும் ஓர் ஊரில் நடந்தது.

அந்த ஊருக்கு நெடுங்கழி என்று பேர். கடல்நீர் ஏறி நிற்கிற கழியோரம் முழுக்க வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல். உப்பு வார ஒரு கூட்டம், தோணி தள்ள ஒரு கூட்டம், வண்டி பூட்ட ஒரு கூட்டம். பகலெல்லாம் வெயிலில் வேகிறவர்கள் பொழுது சாய்ந்தால் ஒதுங்குவதற்கு மூன்று கள்ளுக்கடைகள் இருந்தன. ஒன்று பூதன் கடை. ஒன்று கொற்றி கடை. மூன்றிலும் பெரியது மாசாத்தி கடை.

மாசாத்தி புருஷனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள். இடுப்பில் பெண் குழந்தையோடு அவள் தனியாக நின்றபோது அவளிடம் இருந்தது ஒரு பானையும் நல்ல பேச்சும்தான். பனையேறிகளிடம் கள் வாங்கி, மொந்தை என்கிற சின்ன மண்கலயத்தில் ஊற்றத் தொடங்கினாள். வருகிறவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். எழுகிறவனைப் பார்த்து, "இதென்ன, அதற்குள் எழுந்துவிட்டாய்? உட்கார், இன்னொன்று குடி" என்பாள். அந்தச் சொல்லைத் தட்டிவிட்டுப் போனவன் ஒருவனும் இல்லை. அப்படித்தான் மகள் சேந்தியை ஆளாக்கினாள். அப்படித்தான் மேட்டுக்குடி என்ற ஊரில் ஒரு நல்ல இடம் பார்த்துக் கட்டியும் கொடுத்தாள்.

மேட்டுக்குடி ஒரு பகல் நடை. அந்தத் திசையில் மேகம் கறுத்தால் மாசாத்தி கடை வாசலுக்கு வந்து நின்று பார்ப்பாள். அங்கிருந்து உப்பு வண்டிக்காரன் எவன் வந்தாலும் விடமாட்டாள்.

"எங்கள் சேந்தியைப் பார்த்தாயா?"

"பார்த்தேன் அக்கா. குடத்தோடு போய்க்கொண்டிருந்தாள்."

"எந்த இடுப்பில் குடம்?"

வண்டிக்காரன் சிரிப்பான். அவள் சிரிக்கமாட்டாள். இடது இடுப்பில் என்று அவன் ஏதோ சொல்லிவைத்தால், அன்று முழுவதும் அதை நினைத்துக்கொண்டிருப்பாள்.

அந்த ஊரில் பகலில் எல்லாரும் நல்லவர்கள். விளக்கு வைத்துவிட்டால் ஊர் வேறு. பாக்குக் கடையைக் கவிழ்ப்பார்கள். துடுப்பைத் தூக்கிக்கொண்டு அண்ணனும் தம்பியும் மோதிக்கொள்வார்கள். பெண்கள் தண்ணீருக்குப் போகப் பயந்து பகலிலேயே குடங்களை நிரப்பி வைத்துக்கொள்வார்கள்.

ஊரை ஆண்ட சிற்றரசன் எயினன் பொறுத்துப் பார்த்தான். பிறகு மூன்று வழி செய்தான்.

முதலில், தெருவில் குடிவெறியில் கிடந்தவர்களைப் பிடித்து முதுகில் சாட்டையால் அடித்தான். வலி மறக்க அவர்கள் மறுநாள் இன்னும் அதிகமாகக் குடித்தார்கள்.

அடுத்து, கடைகளை மூடிப் பானைகளை உடைத்தான். ஆண்கள் அலையாத்திக் காட்டுக்குள் ஒளிந்து, எதையெதையோ ஊறப்போட்டு, ஊமத்தை விதையையும் சேர்த்துக் குடித்தார்கள். சிலருக்குக் கண் போயிற்று. சிலருக்கு உயிர் போயிற்று. கடைகளை மறுபடி திறக்க வேண்டியதாயிற்று.

மூன்றாவதாக, எல்லாரையும் கோயிலில் நிறுத்திச் சூடம் அணைத்துச் சத்தியம் வாங்கினான். உள்ளங்கைச் சூடு ஆறும்வரை சத்தியம் நின்றது.

இந்தச் சமயத்தில்தான் சேந்தி உண்டாகியிருக்கிறாள் என்று செய்தி வந்தது.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் அல்லவா? மாசாத்தி ஏழாம் மாதம் எப்போது வரும் என்று நாள் எண்ணிக்கொண்டே இருந்தாள். வந்ததும் வளையல் வாங்கினாள், எள்ளுருண்டை பிடித்தாள், பிரசவத்துக்குப் பின்புற அறையை மெழுகி வைத்தாள். கடையை வேலைக்காரன் காடனிடம் ஒப்படைத்துவிட்டு மேட்டுக்குடிக்கு நடந்தாள்.

வளைகாப்பு நன்றாக நடந்தது. மறுநாள் காலையில், "புறப்படுவோமா கண்ணே?" என்று கேட்டாள்.

சேந்தி தலை நிமிரவில்லை. "நான் வரவில்லை அம்மா."

"ஏண்டி? மாப்பிள்ளை ஏதாவது சொன்னாரா?"

"அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் கல்யாண ஊர்வலத்தில் அவர் தம்பி மண்டையில் மொந்தை வந்து விழுந்ததே, அதைக்கூட இவர்கள் யாரும் பேசுவதில்லை. எனக்குத்தான் முடியாது." மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, நம் பின்னறைச் சுவருக்கு அந்தப் பக்கம் கடை. சின்ன வயதில் தினமும் நான் காதைப் பொத்திக்கொண்டுதான் தூங்குவேன். நீ கடையில் இருப்பாய். உனக்குத் தெரியாது. என் பிள்ளை பிறந்ததும் முதலில் கேட்கிற சத்தம் அந்தச் சத்தமாக இருக்க வேண்டாம்."

"உனக்குச் சோறு போட்ட கடை அது."

"ஆமாம் அம்மா. அதனால்தான் இத்தனை நாள் சொல்லவில்லை."

மாசாத்திக்குக் கோபம் வந்தது. எள்ளுருண்டைப் பானையைக்கூட எடுக்காமல் புறப்பட்டாள். பாதி வழியில் கோபம் தீர்ந்துபோயிற்று. மீதி வழியை வெறுமையோடு நடந்தாள்.

ஊர் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கடைக்குள் போகப் பிடிக்காமல், மெழுகி வைத்த பின்னறையில் போய் உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் மாலை நேரத்தில் அவள் அந்த அறையில் உட்கார்ந்ததே இல்லை.

சுவர் வழியே சத்தம் வந்தது. முதலில் சிரிப்பு. அப்புறம் பேச்சு. அப்புறம் ஏச்சு. ஒவ்வொரு குரலும் அவளுக்குத் தெரிந்த குரல். தோணிக்காரன் திரையன் குரல் கேட்டது. துறையில் அவனைப்போல் பொறுமைசாலி கிடையாது. "போதும் காடா, வீட்டில் நக்கை காத்திருப்பாள்" என்றான். உடனே காடன் குரல் கேட்டது:

"இதென்ன, அதற்குள் எழுந்துவிட்டாய்? உட்கார், இன்னொன்று குடி."

குரல் காடனுடையது. சொல் அவளுடையது.

சற்று நேரத்தில் மொந்தை உடைகிற சத்தம் வந்தது. தெருவில் யாரோ ஓடினார்கள். மாசாத்தி தன்னை அறியாமல் இரண்டு கையாலும் காதைப் பொத்தியிருந்தாள்.

மறுநாள் எயினன் துறைமேட்டில் ஊரைக் கூட்டினான். முந்தின நாள் சண்டையில் ஒருவனுக்குக் கை ஒடிந்திருந்தது. "நான் செய்யாதது என்ன இருக்கிறது? நீங்களே சொல்லுங்கள்" என்றான்.

குடிக்கிறவர்கள், கடை இருப்பதால் குடிக்கிறோம் என்றார்கள். கடைக்காரர்கள், கேட்பதால் ஊற்றுகிறோம் என்றார்கள். பெண்கள், கேட்க நாதியில்லை என்று அழுதார்கள்.

மாசாத்தி எழுந்தாள்.

"அரசே, நான் ஊற்றுகிறவள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முதல் மொந்தையை உடம்பு வலிக்குக் கேட்கிறார்கள். இரண்டாவதை நாலு பேரோடு உட்கார்ந்து பேசுவதற்குக் கேட்கிறார்கள். மூன்றாவதை அவர்கள் கேட்பதில்லை. நாங்கள்தான் ஊற்றுகிறோம். இந்த ஊரின் சண்டை எல்லாம் அந்த மூன்றாவது மொந்தையில் இருக்கிறது. இதுவரை குடித்தவர்களை அடித்தீர்கள். ஊற்றினவளை என்ன செய்தீர்கள்?"

எயினன், "என்ன செய்ய வேண்டும்?" என்றான்.

"மூன்றாவது மொந்தை எந்தக் கடையிலும் கிடையாது. கஞ்சி குடிக்காதவனுக்கு முதல் மொந்தையும் கிடையாது. விளக்கு வைத்தால் கடை மூட வேண்டும். மீறி எவன் குடிவெறியில் சண்டை போட்டாலும், அவனுக்கு மூன்றாவது ஊற்றின கடையை அடுத்த முழுநிலவு வரை அடைத்துவிடுங்கள்."

பூதன் துள்ளி எழுந்தான். "உன் கடையில் இரண்டு குடித்துவிட்டு என் கடைக்கு வந்து இரண்டு குடிப்பான். நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? யார் ஊற்றினார்கள் என்று யார் சொல்வார்கள்?"

"அவன் கையே சொல்லும்" என்றாள் மாசாத்தி. "கடுக்காயையும் இரும்புத் துருவையும் சேர்த்து மை காய்ச்சுவோம். கழுவினாலும் அது இரண்டு நாளைக்குப் போகாது. ஒரு மொந்தைக்கு ஒரு குறி, மணிக்கட்டில். என் கடைக்குப் பொட்டு. பூதன் கடைக்குக் கோடு. கொற்றி கடைக்குப் பிறை. குறி வைக்கும் இடம் நாளுக்கு நாள் மாறும். இன்று வலக்கை என்றால் நாளை இடக்கை, மறுநாள் வலது முழங்கை, அதற்கடுத்த நாள் இடது முழங்கை. இரண்டு குறி இருக்கிறவனுக்கு எவரும் ஊற்றக்கூடாது."

எயினன் சிரித்தான். பல மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவன் சிரித்தான். அப்படியே முரசறைந்தார்கள்.

முதல் சில நாள் மாசாத்தி கடையில் கூட்டம் குறைந்தது. பூதன் கடையில் திரைக்குப் பின்னால் குறியில்லாமல் ஊற்றுகிறார்கள் என்று பேச்சு. ஆனாலும் தெருவில் ஏதோ மாறியது. பெண்கள் முன்போல் மாலையில் குடம் எடுத்தார்கள். வாசலில் நின்று புருஷன் மணிக்கட்டைப் பார்த்து, "ஒன்றுதானா? பரவாயில்லை, உள்ளே வாருங்கள்" என்று கேலி செய்தார்கள். மாசாத்தி கடை வாசலில் மீன் குழம்பும் கஞ்சியும் கொதித்தன. கஞ்சிக்கு வருகிறவர்கள் கள்ளுக்கு வருகிறவர்களைவிட அதிகமானார்கள்.

சிலருக்கு மட்டும் இரண்டும் போதவில்லை. அவர்களில் ஒருவன் திரையன். இரண்டாவதைக் குடித்து முடித்ததும் அவன் எழுந்து போகமாட்டான். மொந்தையைக் கவிழ்த்து வைக்க மனம் வராமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டே இருப்பான்.

முழுநிலவுத் திருவிழா வந்தது. சேந்திக்கும் அதுதான் பேறு மாதம்.

அன்று மதியம் மாசாத்தியால் கடையில் நிற்க முடியவில்லை. மேட்டுக்குடியிலிருந்து திருவிழாவுக்கு வண்டி வரும், ஏதாவது சேதி வரும் என்று ஊர் எல்லைவரை போனாள். வண்டி வரவில்லை. இன்னும் கொஞ்சம் போனாள். அடுத்த மேடு, அதற்கடுத்த மேடு என்று போய்க்கொண்டே இருந்தாள். ஒரு வண்டியும் வரவில்லை. நிலா எழும்போதுதான் திரும்பினாள்.

துறையில் கூட்டம். நடுவில் திரையன் மனைவி நக்கை, நெற்றி பிளந்து கிடந்தாள். புருஷனைக் கூட்டிப்போக வந்தவள். அவன் தள்ளியதில் தோணி முனையில் மோதிக்கொண்டாள். உயிர் இருந்தது. திரையன் பக்கத்தில் மண்டியிட்டு, என்ன நடந்தது என்றே தெரியாமல் அவள் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

எயினன் அவன் கையைப் பிடித்துத் தீவட்டி வெளிச்சத்தில் பார்த்தான். இரண்டு பிறை. அதற்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு குறி, நீளமாக.

"கோடு. பூதன் கடையை அடையுங்கள்" என்றான்.

பூதன் தரையில் விழுந்தான். "சத்தியமாக நான் ஊற்றவில்லை அரசே! இவன் இன்று என் வாசலையே மிதிக்கவில்லை!"

ஊர் நம்பவில்லை. திரைக்குப் பின்னால் ஊற்றுகிறவன் பேச்சை யார் நம்புவார்கள்? காவலர்கள் நடக்கத் தொடங்கினார்கள்.

அப்போது காடன் மாசாத்தியின் காதருகே வந்தான். அவன் முகம் வெளுத்திருந்தது. "அக்கா, நான்தான். திருவிழாக் கூட்டம். கெஞ்சினான். ஊற்றிவிட்டேன். கை பழக்கத்தில் பொட்டும் வைத்துவிட்டேன், மை காயும் முன்னால் கையை இழுத்துக்கொண்டான். பேசாமல் இருங்கள், யாருக்கும் தெரியாது."

உண்மைதான். யாருக்கும் தெரியாது. பூதன் பொல்லாதவன், அவனுக்கு இது தகும் என்றே ஊர் நினைக்கும். அவள் பேர் கெடாது. மேட்டுக்குடிக்கு நாளை சேதி போகும்போது, அம்மா கடை நல்ல கடையாகிவிட்டது என்றுதான் போகும். சேந்தி கேட்பாள். ஒருவேளை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவாள்.

இப்போது வாய் திறந்தால்? மூன்றாவது மொந்தை வேண்டாம் என்று சொன்னவள் கடையிலேயே மூன்றாவது மொந்தை என்று சேதி போகும். அப்புறம் எந்த முகத்தோடு மகளை வா என்று கூப்பிடுவது?

மாசாத்தி நக்கையின் நெற்றியைப் பார்த்தாள்.

"அரசே, நில்லுங்கள். அது கோடு இல்லை. ஈரத்தில் இழுபட்ட பொட்டு. என் கடைப் பொட்டு."

எயினன் அவள் அருகே வந்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ ஊரில் இல்லையே. வேலைக்காரன் செய்த தவறுதானே? இந்த ஒரு தடவை விட்டுவிடலாம்" என்றான்.

"என் கடையை விட்டால் நாளைக்கு எந்தக் கடையை அடைப்பீர்கள்? அடுத்த முழுநிலவு வரை என்பது நான் சொன்ன சொல்தான்" என்றாள்.

அவளே போய்க் கதவைச் சாத்தினாள். பூதன் பின்னாலேயே வந்து நின்றான். மறுநாள் காலையில் தன் கடைத் திரையை அவிழ்த்துக் கழியில் எறிந்தான்.

கடை மூடியாயிற்று. "இனி என்ன அக்கா? மேட்டுக்குடிக்குப் போய் மகளைப் பாருங்கள். கடவுளே வழிவிட்டதுபோல் ஆயிற்று" என்றான் காடன்.

அவள் மனம் எப்போதோ மேட்டுக்குடிக்குப் போயிருந்தது. கால்தான் போகவில்லை. நக்கையை அவள் தன் பின்னறையில், சேந்திக்காக மெழுகி வைத்த இடத்தில், கிடத்தியிருந்தாள். திரையன் கடை வாசலில் உட்கார்ந்திருந்தான். குடியை நிறுத்திய உடம்பு உதறியது. தண்ணீர் குடித்தாலும் வெளியே வந்தது.

"சேந்தியைப் பார்க்க அங்கே ஆள் இருக்கிறது காடா. இவளுக்கு யார் இருக்கிறார்கள்? கஞ்சியை எடுத்து வா" என்றாள்.

தினமும் பொழுது சாய்கிற நேரத்தில் திரையனின் கண் சாத்திய கதவிலேயே நிற்கும். மாசாத்தி அவனோடு பேச்சுக் கொடுப்பாள். காற்று எப்படி, நீரோட்டம் எப்படி என்று கேட்பாள். தோணிக்காரர்கள் இரண்டிரண்டு பேராக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். யாரும் அவனுக்கு அறிவுரை சொல்லவில்லை. இருட்டும்வரை உடன் இருந்தார்கள், அவ்வளவுதான்.

"எனக்கு ஒன்றுகூட ஊற்றாதீர்கள் அக்கா. மற்றவர்களுக்கு மூன்றாவது எதுவோ, எனக்கு முதலே அது" என்றான் ஒருநாள்.

"ஊற்றமாட்டேன். பூதனும் ஊற்றமாட்டான். கொற்றியும் ஊற்றமாட்டாள். நீ கேட்டாலும் ஊற்றமாட்டோம்" என்றாள். அது அப்படியே நின்றது.

ஒரு மதியம் மேட்டுக்குடி வண்டிக்காரன் வந்து, "அக்கா, பெண் குழந்தை. இருவரும் நலம்" என்றான்.

மாசாத்தி சிரித்தாள், எல்லாருக்கும் வெல்லம் கொடுத்தாள். பிறகு கழிக்கரையில் தனியாகப் போய் நின்றாள். பிரசவத்தில் மகள் யார் கையைப் பிடித்துக்கொண்டாளோ என்று நினைத்தாள். குழந்தையின் முதல் அழுகை எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தாள். அதை வண்டிக்காரனிடம் கேட்க முடியுமா?

முழுநிலவு வந்தது, கடை திறந்தது. விதியும் நின்றது. ஊர் ஒரே நாளில் மாறிவிட்டது என்று சொன்னால் நான் பொய் சொல்கிறவன். இடையிடையே ஒரு மொந்தை உடைந்தது, இடையிடையே ஒரு கடை அடைபட்டது. ஆனால் அடைபட்ட கடைக்காரர் எவரும் வாதாடவில்லை. மாசாத்தியே கதவைச் சாத்தியதை எல்லாரும் பார்த்திருந்தார்கள். நக்கையின் காயம் ஆறியது, வடு நின்றது. திரையன் மாலையில் வீட்டுக்குப் போனான்.

மாசாத்தி மகளைக் கூப்பிட்டு அனுப்பவில்லை. கூப்பிட்டால், அம்மா வருந்துவாளே என்பதற்காக வருவாள் என்று நினைத்தாள். தானே போய் நின்றாலும் கூப்பிட்டதுபோல் ஆகிவிடும் என்று, மகள் தானாக வரும்வரை காத்திருந்தாள். வண்டிக்காரர்கள் சொன்னார்கள்: குழந்தை குப்புற விழுந்துவிட்டது. குழந்தை தவழ்கிறது. குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டது. ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

மழைக்காலம் முடிந்து உப்புப் பாத்திகளில் நீர் கட்டுகிற நேரம். ஒருநாள் விளக்கு வைத்துக் கடையைச் சாத்தப் போனவள், தெருமுனையில் யாரோ அசையாமல் நிற்பதைப் பார்த்தாள். சேந்தி. அவள் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். தெருவில் யாரோ குழந்தையைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். எங்கோ கதவு சாத்தினார்கள். வேறு சத்தம் இல்லை.

"வந்துவிட்டேன் அம்மா" என்றாள்.

அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண் நின்றிருந்தது. நடக்கவே தொடங்கிவிட்டது. மாசாத்தி கையை நீட்டினாள். குழந்தை அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அம்மாவின் பின்னால் ஒளிந்து அழுதது.

"புது முகம் அம்மா, அதனால்தான்" என்றாள் சேந்தி.

"தெரியும்" என்றாள் மாசாத்தி.

கைக்குள் பிறந்திருக்க வேண்டிய குழந்தை. அவள் அதைத் தூக்க அவசரப்படவில்லை. தள்ளி உட்கார்ந்து, அது அழுது முடிக்கும்வரை காத்திருந்தாள்.

ஆகையால் பெரியவர்களே, சின்னவர்களே: ஊரின் வெறி தெளிய வேண்டுமானால் குடிக்கிறவனை அடித்துப் பயனில்லை, ஊற்றுகிற கை முதலில் நிற்க வேண்டும், அதுவும் இழப்பதற்கு இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கும்போதே நிற்க வேண்டும்.